குழந்தைகளின் அவகாசங்கள்

ஓணப் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், பிஜு சார் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிஜு பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர். கையில் ஒரு விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஜெயஷீலா டீச்சரே, இது உங்க ஆளு. கேட்டுக்கோங்க" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

கேள்வி, குழந்தைகளின் 'அவகாசங்ஙள்' பற்றி விளக்குக என்பது. கௌசல்யா மலையாள எழுத்தில் முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். 'குழந்தைகளுக்குக் காலையில் அவகாசம் இல்லை. அது குழாயில் தண்ணீர் வரும் நேரம். சாயங்காலம் அம்மா ஓட்டலிலிருந்து வரும்வரை தங்கச்சியைப் பார்க்க வேண்டும், அப்போதும் அவகாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கிடைக்கும். பணக்காரக் குழந்தைகளுக்கு அவகாசம் அதிகம். எல்லாக் குழந்தைகளுக்கும் அவகாசம் கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள்.'

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயஷீலா சிரிக்கவில்லை. அவள் தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி. வீட்டில் தமிழும் மலையாளமும் பிசைந்து பேசி வளர்ந்தவள், மலையாளத்தில் படித்து உயிரியல் ஆசிரியை ஆனவள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டாலொழிய தமிழ் தெரியும் என்று அவளாகச் சொல்வதில்லை.

"சாரே, தமிழ்ல அவகாசம்னா நேரம்" என்றாள். "மலையாளத்துல அது உரிமை. அந்தப் பிள்ளை கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கு. அதுக்குத் தெரிஞ்ச வார்த்தைக்கு."

பிஜு தாளை மறுபடி பார்த்தார். முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அப்படியா? ஆனா இவ மலையாளம் நல்லாப் பேசுறாளே. கேன்டீன்ல சண்டையே போடுறா."

"சண்டை போடுற மலையாளம் வேற, பரீட்சை எழுதுற மலையாளம் வேற, சாரே."

அவர் அரை மதிப்பெண் போட்டார். பிறகு எதையோ யோசித்து அதை ஒன்றாகத் திருத்தினார்.

கௌசல்யா கடையநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஏழாவது வரை தமிழில் படித்துவிட்டுத் திருவனந்தபுரம் வந்தவள். அப்பா வீரபாண்டி கான்கிரீட் வேலைக்குப் போகிறவர், வேலை நடக்கும் இடத்திலேயே தங்கிவிட்டு எப்போதாவது வீட்டுக்கு வருவார். அம்மா மாடம்மாள் தம்பானூரில் ஒரு ஓட்டலில் காய்கறி நறுக்குகிறாள். கரமனை ஆற்றோரம் ஓர் அறையில் குடியிருந்தார்கள். வந்த சில மாதத்திலேயே கௌசல்யா மலையாளம் பிடித்துக்கொண்டாள். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் அம்மாவுக்கு அவள்தான் வாய். அதனாலேயே பள்ளியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேசத் தெரிகிறது, பாடம் மட்டும் ஏறவில்லை என்றால் பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜெயஷீலாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அன்று மாலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உயிரியல் புத்தகத்தைத் திறந்து, 'பிரதிரோதம்' என்ற வார்த்தையைக் காட்டினாள்.

"இதுக்கு என்ன அர்த்தம், மக்களே?"

கௌசல்யா குனிந்து அதை வாசித்தாள். "எந்த பீரியடு டீச்சர்?"

"எந்த பீரியடுன்னா?"

"பிசிக்ஸ்ல கம்பிக்கு பிரதிரோதம் உண்டுன்னு சொல்லுதாங்க. பிஜு சார் வெள்ளைக்காரனுக்கு எதிரா பிரதிரோதம்னு சொல்லுதாரு. நீங்க ஊசி போட்டா பிரதிரோதம் வரும்னு சொன்னீங்க. மூணும் ஒண்ணா டீச்சர்? நான் மூணையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணுதேன். பரீட்சையில மாறிப் போவுது."

ஜெயஷீலாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது. இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லி வந்திருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு அது மூன்று அறைகளில் மூன்று வேஷம் போட்டு வருகிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"எல்லாம் ஒண்ணுதான். வர்றத வரவிடாம எதிர்த்து நிக்கிறது. கம்பி கரண்டை எதிர்க்குது. ஜனங்க வெள்ளைக்காரனை எதிர்த்தாங்க. ஒடம்பு கிருமியை எதிர்க்குது."

"இவ்வளவுதானா?" என்றாள் கௌசல்யா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை, ஏமாந்த கோபம் இருந்தது. "இத யாரும் சொல்லவே இல்லயே டீச்சர்."

மறுநாள் முதல் மதிய உணவு வேளையில் ஆய்வகத்தில் ஒரு வகுப்பு தொடங்கியது. கௌசல்யாவோடு இன்னும் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஜெயஷீலா மொழிபெயர்த்துக் கொடுப்பதோடு நிறுத்தவில்லை. வார்த்தையைச் செய்து காட்டினாள், அவர்களைச் சொல்ல வைத்தாள், பிறகு அதை வைத்து முழு வாக்கியம் எழுத வைத்தாள். ஒரு நாள் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டாள். எல்லோரும் துள்ளி விழுந்தார்கள். "சத்தம் உத்தீபனம், உங்களைத் தூண்டினது. நீங்க துள்ளினது பிரதிகரணம், அதுக்குப் பதில்" என்றாள். அந்த வாரம் முழுக்க வராந்தாவில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிவிட்டு, உத்தீபனம் கொடுக்காதே என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கேள்வியில் வரும் ஏவல் வார்த்தைகளையும் எடுத்தாள். ஒப்பிடு, காரணம் சொல், நிறுவு. நிறுவு என்பதற்கு மலையாளத்தில் 'சமர்த்திக்குக' என்று வந்தால் கௌசல்யா அதுவரை அந்தக் கேள்வியையே தாண்டிப் போயிருக்கிறாள். சமர்த்தாக இருக்கச் சொல்கிறார்கள், அதற்கு என்ன எழுதுவது என்று விட்டுவிட்டாளாம்.

நோய்களைப் பற்றிய பாடம் வந்தபோது 'வைகல்யம்' என்ற சொல் வந்தது. பிறப்பிலேயே ரத்தம் உறையாத நோய், அது ஒரு ஜனிதக வைகல்யம்; ஜனிதகம் என்றால் மரபணு. "வைகல்யம்னா குறைபாடு. சரியா அமையாதது" என்றாள் ஜெயஷீலா. கௌசல்யா இரண்டு தரம் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

உயிரியலில் அவள் மதிப்பெண் ஏறியது. மற்றப் பாடங்களில் ஏறவில்லை. ஜெயஷீலாவுக்கு இயற்பியலும் கணக்கும் எடுக்க நேரமும் இல்லை, அவ்வளவு தெரியவும் தெரியாது. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள்.

"ஒவ்வொரு பாடம் தொடங்கும்போதும் அதுல வர்ற முக்கியமான அஞ்சாறு வார்த்தையைப் பலகையில எழுதி, அர்த்தம் சொல்லி, பிள்ளைங்களைப் பேச வைக்கலாம். எல்லாப் பாடத்துலயும் செஞ்சாத்தான் பலன் உண்டு."

"வார்த்தை சொல்லித்தர்றது மலையாளம் டீச்சர் வேலை அல்லே?" என்றார் இயற்பியல் ஆசிரியர்.

மலையாளம் எடுக்கும் லிபி டீச்சர் நிமிர்ந்தாள். "நான் கவிதை எடுக்கணுமா, கம்பியோட பிரதிரோதம் எடுக்கணுமா?"

சிரிப்பு எழுந்தது. தலைமையாசிரியர் சத்தியதாஸ் கையை உயர்த்தி அடக்கினார். நெய்யாற்றின்கரைக்காரர், அமைதியானவர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. "நல்ல யோசனைதான் டீச்சரே. ஆனா போர்ஷன் முடியணும். அடுத்த வருஷம் பார்ப்போம்."

பிஜு மட்டும் கூட்டம் முடிந்து வெளியே வந்து, "நான் செஞ்சு பார்க்கிறேன்" என்றார். சில நாள் செய்தார். பிறகு போர்ஷன் முடிக்கும் ஓட்டத்தில் அது நின்றுபோனது. அடுத்த மாதம் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கக்கூடிய பிள்ளைகளுக்கு மதிய வேளையில் தனிப் பயிற்சி தொடங்கினார்கள். அதற்கு ஆய்வகம் தேவைப்பட்டது. ஜெயஷீலாவின் வகுப்பு வராந்தாவுக்கு வந்தது. மழை நாட்களில் அதுவும் இல்லாமல் போனது.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் கௌசல்யா உயிரியலில் நன்றாக எழுதினாள். கணக்கு, இயற்பியல், சமூக அறிவியல் மூன்றிலும் தேறவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம் சத்தியதாஸ் ஜெயஷீலாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த கௌசல்யாவோட அம்மா வந்திருக்காங்க. எனக்குத் தமிழ் கேட்டாப் புரியும், பேச வராது. நீங்கதான் சொல்லணும்."

"என்ன சொல்லணும் சார்?"

"படன வைகல்யம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கலாம். பரிசோதனைக்கு அனுப்புவோம். கிடைச்சா எழுதித்தர ஆள் உண்டு, கூடுதல் நேரம் உண்டு, திருத்துறதுலயும் சலுகை. பாஸாயிடுவா."

"அவளுக்குப் படிக்கிறதுல வைகல்யம் ஒண்ணும் இல்ல சார். அவளுக்கு வார்த்தை தெரியல. அவ்வளவுதான்."

சத்தியதாஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாதா டீச்சரே? ஆனா மார்ச்சுக்குள்ள உங்களால எல்லாப் பாடத்து வார்த்தையும் சொல்லித்தர முடியுமா? முடியாது. தோத்தா அந்தப் பிள்ளை திரும்பி எழுத வராது. நேரா வேலைக்குப் போயிடும். நூறு சதவீதத் தேர்ச்சி நமக்கு வேணும், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பிள்ளைக்கும் ஒரு பாஸ் வேணும். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

ஜெயஷீலா கதவைத் திறந்து மாடம்மாளைக் கூப்பிட்டாள்.

மாடம்மாள் உள்ளே வந்தாள். ஓட்டலிலிருந்து நேரே வந்திருந்தாள், சேலை முந்தானையில் வெங்காய வாடை. பின்னால் கௌசல்யா கதவை ஒட்டி நின்றாள். உட்காரச் சொல்லியும் மாடம்மாள் உட்காரவில்லை. சத்தியதாஸ் மலையாளத்தில் மெதுவாக விளக்கினார். படன வைகல்யம் என்ற வார்த்தை இரண்டு மூன்று முறை வந்தது. மாடம்மாள் ஜெயஷீலாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னமோ வைகலியம்னு சொல்லுதாரே, அது என்னது டீச்சர்? சீக்கா? மூளையில எதுவும் கோளாறா?"

"அதொண்ணும் இல்ல கேட்டீங்களா" என்றாள் ஜெயஷீலா. "படிக்கியதுல கொஞ்சம் சிரமம் உண்டுல்லா, அதைத்தான் சொல்லுறாரு. ஒரு சர்டிபிகேட் வாங்கினா பரீட்சைல உதவி கிடைக்கும். பாஸாயிரும்."

"சிரமம்னா சரிதான். அது எல்லாருக்கும் இருக்கதுதானே" என்று மாடம்மாள் மூச்சு விட்டாள். "எங்க போடணும் கையெழுத்து?"

ஜெயஷீலா இடத்தைக் காட்டினாள். மாடம்மாள் எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை ஜெயஷீலா கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் மாடம்மாள் வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் படியிறங்கிப் போய்விட்டாள். கௌசல்யா நின்றாள்.

"டீச்சர், வைகல்யம்னா சிரமம்னா சொன்னீங்க?"

ஜெயஷீலா மாடம்மாள் போன படியைப் பார்த்தாள்.

"குறைபாடுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க. ரத்தம் உறையாத சீக்குக்கு." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு என்ன குறைபாடு டீச்சர்?"

"ஒனக்கு ஒரு குறையும் இல்ல மக்களே. பரீட்சைக்காக மட்டும். ஒரு பேப்பர், அவ்வளவுதான்."

"அம்மாகிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"அம்மா பயந்துருவாங்கல்லா."

கௌசல்யா தலையை ஆட்டினாள். புரிந்தது என்பதற்கான ஆட்டல் போலத்தான் இருந்தது. அன்று முதல் அவள் வராந்தா வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பரிசோதனைக்கு ஜெயஷீலாதான் கூட்டிக்கொண்டு போனாள். மாடம்மாளுக்கு ஓட்டலில் விடுப்பு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் நீண்ட நடைவழியில் பிள்ளைகளும் அம்மாக்களுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்தபோது ஓர் இளம்பெண் மலையாளப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். கௌசல்யா தடுமாறித் தடுமாறி வாசித்தாள். பிறகு சொல்வதை எழுதச் சொன்னாள். கூட்டெழுத்துக்களில் எல்லாம் பிழை வந்தது.

"இவ ஏழாவது வரை தமிழ்ல படிச்சவ. தமிழ்ல கொடுத்துப் பாருங்க, தெளிவா வாசிப்பா" என்றாள் ஜெயஷீலா.

அந்தப் பெண் களைத்த கண்களோடு நிமிர்ந்தாள். "எங்ககிட்ட தமிழ்த் தாள் இல்ல டீச்சர். வேணும்னா எழுதித்தாங்க, நான் மேல அனுப்பறேன். ஆனா பதில் வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிரும். இப்ப நான் என்ன செய்யணும்?"

ஜெயஷீலா கௌசல்யாவைப் பார்த்தாள். அவள் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவே இருக்கட்டும்" என்றாள் ஜெயஷீலா.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பசிக்குதா என்று ஜெயஷீலா கேட்டாள். இல்லை என்றாள் கௌசல்யா.

சான்றிதழ் வந்துசேர்ந்ததால் மார்ச் மாதப் பொதுத்தேர்வில் கௌசல்யாவுக்குத் தனி அறை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். கௌசல்யா வாயால் சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும். கண்காணிப்புக்கு வந்த ஆசிரியை ஒருத்தி பிற்பாடு ஜெயஷீலாவிடம் சொன்னாள். "உயிரியல் தாளுக்கு அந்தப் பிள்ளை மளமளன்னு சொல்லிச்சு. எழுதின குட்டிக்குத்தான் எழுத்து தெரியாம அவகிட்ட கேட்டுக் கேட்டு எழுதுச்சு. கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஒண்ணும் பேசல. எழுத வந்தவளே தனக்குத் தெரிஞ்சதைப் போட்டுட்டா. நான் கண்டுக்கல."

எல்லோரும் தேறினார்கள். பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் அதில் இருந்தன. லட்டு வந்தது. சத்தியதாஸ் ஒரு லட்டை எடுத்து ஜெயஷீலாவிடம் தானே நீட்டினார். "பார்த்தீங்களா டீச்சரே, பாஸ்." அவர் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. அவரைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மதிப்பெண் பட்டியல் வாங்க மாடம்மாள்தான் வந்தாள். கௌசல்யா வரவில்லை. அந்தச் சான்றிதழை வைத்துப் பிளஸ் ஒன் சேர்க்கையில் தனி ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஜெயஷீலா அவளிடம் விவரமாகச் சொல்லி அனுப்பினாள். மாடம்மாள் தலைக்குமேல் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் ஆசிரியர் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்த பிள்ளைகளில் யார் யாரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. இந்த முறை முன்கூட்டியே தொடங்கலாம் என்றார் சத்தியதாஸ். பெயர்கள் சொன்னார்கள். பாதிப் பெயர்கள் தமிழ்ப் பெயர்கள்.

"தமிழ் வீடுகள்ல ஜெயஷீலா டீச்சர் பேசுவாங்க" என்றார்.

"என்னால முடியாது சார்" என்றாள் ஜெயஷீலா. "வகுப்புல வார்த்தை சொல்லித்தர ஒரு பீரியடு கொடுங்க. வருஷம் முழுக்க எடுக்கிறேன். பட்டியலைப் பத்தி ஜனவரில பேசுவோம்."

பிஜு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைம்டேபிள் போட்டாச்சே டீச்சரே" என்றார் சத்தியதாஸ் வருத்தத்தோடு. "உங்களுக்கு விருப்பமில்லன்னா வேண்டாம். நம்ம வாட்ச்மேன் நயினாருக்குத் தமிழ் தெரியும். அவர் சொல்லிக்குவார்."

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் ஜெயஷீலா சாலை என்கிற பழைய கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாள். மழை வலுத்திருந்தது. மேல்மாடியில் உடுப்புத் துணிப் பிரிவில் கௌசல்யா நின்றிருந்தாள். கடையின் நீலச் சீருடை, இழுத்துக் கட்டிய கொண்டை. ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை.

"நீ பிளஸ் ஒன் சேரல்லியா மக்களே?"

"சீட்டு கிடைச்சுது டீச்சர். போவல."

"ஏன்?"

கௌசல்யா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "லிஸ்டுல எம் பேருக்கு நேரா எழுதிருக்கும்லா, எதுக்கு சீட்டு தந்தாங்கன்னு. கிளாஸுக்குப் போன மொத நாளே எல்லாருக்கும் தெரிஞ்சிரும். டீச்சருக்கெல்லாம் மொதல்லயே தெரியும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் அப்படித்தான் பாப்பாங்க."

"அந்தப் பேப்பரை விட்டுட்டு வேற வழியா எழுதலாம். ஓப்பன் ஸ்கூல் இருக்கு. நான் சொல்லித்தாறேன். ஞாயித்துக்கிழமை வா."

"ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு டீச்சர்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மாகிட்ட சீட்டு கிடைக்கலன்னு சொல்லிட்டேன்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அம்மா வருத்தப்படுவாங்கல்லா" என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்து மேற்பார்வை பார்க்கும் ஆள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டான். ஒரு தாயும் மகளும் படியேறி வந்து துணிகளைப் புரட்டத் தொடங்கினார்கள். கௌசல்யா அவர்களைப் பார்த்தாள், மேற்பார்வைக்காரனைப் பார்த்தாள், நிமிர்ந்து நின்றுகொண்டாள். 'பிரதிரோதம்' கேட்ட அந்த மாலைக்குப் பிறகு ஜெயஷீலாவிடம் ஒரு முறைகூட அவள் மலையாளம் பேசியதில்லை.

"வேறெ எந்தெங்கிலும் வேணோ டீச்சரே?" என்று கேட்டாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரல். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

"வேண்டாம்" என்றாள் ஜெயஷீலா.

கௌசல்யா மெலிதாகப் புன்னகைத்துவிட்டு அந்தத் தாயும் மகளும் நின்ற பக்கம் போனாள். ஜெயஷீலா படியிறங்கி வாசலுக்கு வந்தாள். மழை விடவில்லை. குடையை விரித்து, முட்டளவு ஓடிய தண்ணீரில் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.